தேதி கேட்கும் படிவமும் தேதியில்லாத இழப்பும்

உலகக் காலநிலை மாநாடுகளில் இந்தியாவின் சார்பில் அமர்ந்து பேசும் பிரதிநிதிகளுக்கு, இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரியவர்களே,

எங்கள் ஊரில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் சங்கம் நிவாரணம் கேட்டு அனுப்பிய விண்ணப்பம் சென்ற மாதம் திரும்பி வந்துவிட்டது. அதன் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: "பேரிடர் நிகழ்ந்த தேதி குறிப்பிடப்படவில்லை." அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவள் நான். 31 ஆண்டுகள் கடற்கரைக் கிராமத்துப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாருக்கு எந்தத் தாள் எழுத வேண்டியிருந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். குடும்ப அட்டை, மீனவர் நல வாரியம், முதியோர் ஓய்வூதியம் என்று எத்தனையோ படிவங்களை நிரப்பிய கை இது. இந்த ஒரு கட்டத்தை மட்டும் என்னால் நிரப்ப முடியவில்லை.

எந்தத் தேதியை எழுதுவது? கடல் என்றைக்குச் சுட ஆரம்பித்தது என்றா, ஊற்றுத் தண்ணீர் எந்தக் காலையில் முதன்முதலாகக் கரித்தது என்றா, பாரில், அதாவது கடலடிப் பவளப் பாறையில், மரிக்கொழுந்துப் பாசி மெலியத் தொடங்கிய வாரம் எது என்றா? அடுத்த கட்டம் புயலின் பெயரைக் கேட்டது. எங்கள் இழப்புக்குப் பெயரும் இல்லை. இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டுவிட்டு, நடந்ததை ஐந்து பக்கங்களில் எழுதி, பெண்களின் கையொப்பங்களையும் கைநாட்டுகளையும் இணைத்து அனுப்பினோம். அந்த ஐந்து பக்கங்களையும் யாரும் படித்ததற்கான அடையாளம் திரும்பி வந்த தாளில் இல்லை.

திருப்பி அனுப்பியவர் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவர் மேசை மேல் இருக்கும் பட்டியலில் எங்கள் இழப்பு இல்லை என்பதையும் அறிவேன். அந்தப் பட்டியல் தலைநகரில் எழுதப்படுகிறது. நீங்களும் அங்கிருந்துதான் உலக மாநாடுகளுக்குப் புறப்படுகிறீர்கள். சட்டென்று வரும் புயலுக்கு மட்டுமல்லாமல் மெல்ல மெல்ல வரும் இழப்புக்கும் பணக்கார நாடுகள் பொறுப்பேற்க வேண்டும் என்று வளரும் நாடுகள் அங்கே வாதாடுகின்றன, அந்த வரிசையில் நீங்களும் நிற்கிறீர்கள். அந்த வாதத்தின் ஒவ்வொரு சொல்லையும் நான் ஆதரிக்கிறேன். ஆதரிப்பதால்தான் கேட்கிறேன்: உலகத்தாரிடம் நாம் கேட்கும் இழப்பை நம் சொந்தக் கணக்கில் எழுத ஏன் மறுக்கிறோம்?

தேதியுள்ள இழப்பு எப்படிப்பட்டது என்று எங்கள் பாம்பன் தீவுக்கு நன்றாகத் தெரியும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடி அழிந்தபோது என் அம்மாவுக்கு 17 வயது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன அந்த இரவை அவர் சாகும்வரை மணிக்கணக்கோடு சொல்லிக்கொண்டிருந்தார். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தன, இன்றும் வாழ்கின்றன. ஆனாலும் அந்த அழிவுக்கு ஒரு தேதி இருக்கிறது. அதனால் அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மக்கள் நினைவில் இருக்கிறது, அன்றைய அரசுக் கோப்புகளிலும் இருந்தது. எங்கள் பெண்கள் இப்போது இழந்துகொண்டிருப்பது எதிலும் இல்லை.

பாசி எடுக்கும் வேலையை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, காலடியில் தகடு வைத்துக் கட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, இடுப்பில் வலைப்பையோடு பெண்கள் கடலில் இறங்குகிறார்கள். மூச்சடக்கி மூழ்கி, பாரில் ஒட்டி வளர்ந்திருக்கும் பாசியைக் கையால் பிய்த்து எடுக்கிறார்கள். கல் கீறும், கையில் உப்பு ஏறும், மீன் முள் குத்தும், சொறிமீன் பட்டு அரிக்கும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் எடுத்து உலர்த்துவதிலிருந்துதான் அகர் அகர், ஆல்ஜினேட் என்னும் கெட்டிப்படுத்தும் பொருட்கள் வருகின்றன. ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலிருந்து இனிப்புப் பண்டம் வரை அவை போய்ச் சேர்கின்றன. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மட்டுமே, மாதத்தில் ஏறத்தாழ 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்றும், பாசி வளர்வதற்காகக் கோடையில் ஒன்றரை மாதம் எடுக்காமல் விடுவது என்றும் இந்தப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எந்த மாநாட்டுத் தீர்மானமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

என் அம்மா பாசி எடுத்த காலத்தில் இடுப்பளவு நீரில் நின்றே பை நிறைந்துவிடும் என்பார். நான் சிறுமியாக அவரோடு போன நாட்களில் கரையிலிருந்து பார்த்தால் தலைகள் தெரியும் தூரத்தில்தான் எல்லோரும் இருந்தார்கள். இன்று படகுக்கு டீசல் போட்டுத் தீவுப் பக்கம் போகிறார்கள். அங்கே தேசியப் பூங்காவின் எல்லை என்று தடுக்கப்படுகிறார்கள், அல்லது ஆழத்தில் மூழ்குகிறார்கள். ஒரு பெண் என்னிடம் சொன்னது இது: "டீச்சர், முன்னெல்லாம் மேல வெயில் அடிச்சாலும் தண்ணிக்குள்ள போனா குளுகுளுன்னு இருக்கும். இப்ப தண்ணியே காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கு." விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இதை அவர் சொன்னபடியே எழுதினேன்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் அரசிடமே இருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடேறிவிட்டது என்றும், இதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரிதான் என்றும் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நீரின் சூடு 30 டிகிரியைத் தாண்டிப் பல நாட்கள் நீடித்தால் பவள உயிரிகள் தங்கள் உடலுக்குள் வைத்திருக்கும் நுண்பாசிகளை வெளியே தள்ளிவிடுகின்றன. உணவூட்டும் அந்தப் பாசி போனதும் பவளம் எலும்பு போல வெளுக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998இலும் 2010இலும் 2016இலும் இது பெரிய அளவில் நடந்தது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது என்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 2024இல் உலகம் முழுவதும் பவளம் வெளுத்தபோது எங்கள் கடலும் தப்பவில்லை. எங்கள் ஆட்கள் இதை "பார் வெளுத்துப்போச்சு" என்று இரண்டே சொற்களில் சொல்வார்கள். பார் வெளுத்தால் அதில் ஒளிந்து குஞ்சு பொரிக்கும் மீனும் போகும், நண்டும் கணவாயும் போகும்.

காற்றைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் தீவுக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறு. இந்த முறையை நம்பித்தான் என் தம்பியைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்கள் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு கடலில் வலை போட்டு வந்தார்கள். இப்போது கச்சான் காலத்தில் காற்றே இல்லாமல் நாட்கள் கிடக்கின்றன, எதிர்பாராத மாதத்தில் இரண்டு கடலும் ஒன்றாகக் குமுறுகின்றன. காற்று எச்சரிக்கை வரும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பது சரியான ஏற்பாடு, அதனால் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. ஆனால் அப்படிக் கரையில் உட்கார்ந்த நாட்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. படகு உடைந்தால் இழப்பு, வலை கிழிந்தால் இழப்பு. ஓர் ஆண்டில் அறுபது எழுபது நாட்கள் அடுப்பு எரியாமல் போனால் அது இழப்பு ஆகாதா?

தண்ணீர் இன்னொன்று. மணலில் கையால் பள்ளம் பறித்து நல்ல தண்ணீர் இறைத்த ஊர் எங்களுடையது. கடலுக்குப் பக்கத்திலேயே இனிக்கும் தண்ணீர் ஊறுவதை வெளியூர்க்காரர்கள் வியப்போடு குடித்துப் பார்ப்பார்கள். என் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்றை இப்போது பாத்திரம் கழுவத்தான் பயன்படுத்துகிறோம். குடிக்கக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம்.

எல்லாப் பழியையும் காலநிலையின் தலையில் கட்ட நான் வரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் மூழ்கியதற்குப் பெருங்காரணம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டியெடுத்தது. 2001இல் சட்டம் தடுக்கும்வரை எங்கள் கரைகளிலும் அந்தக் கல் வந்து இறங்கியது. இழுவை மடி வலை கடலடியைச் சுரண்டியதும், இறால் பண்ணைகளின் கழிவும், மணல் அள்ளியதும் உண்டு. இவற்றுக்கு நாங்களும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அடிபட்ட உடம்பில் காய்ச்சல் ஏறினால் காய்ச்சலுக்கு மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் காய்ச்சலை உண்டாக்கியதில் எங்கள் பங்கு மிகச் சிறியது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 17 சதவீதம் வாழும் இந்தியா, 1850 முதல் சேர்ந்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 4 சதவீதத்துக்கு மட்டுமே பொறுப்பு என்று நீங்களே மாநாடுகளில் எடுத்து வைக்கிறீர்கள். அந்த 4 சதவீதத்துக்குள்ளும் மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்ணின் பங்கு எவ்வளவு இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். 2010இல் கான்குன் மாநாடு, மெல்ல நிகழும் பாதிப்புகள் என்று எட்டைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது: கடல்மட்ட உயர்வு, வெப்பநிலை உயர்வு, கடல்நீர் அமிலமாதல், பனியாறுகள் பின்வாங்குதல், உப்பேறுதல், நிலமும் காடும் சீரழிதல், உயிரினப் பன்மை அழிதல், பாலையாதல். இந்த எட்டில் நான்கையாவது என் ஊரில் நின்றபடியே உங்களுக்குக் காட்டுவேன். 2013இல் வார்சாவில் இழப்புக்கும் சேதத்துக்கும் என்று தனி ஏற்பாடு உருவானது. 2015இன் பாரிஸ் ஒப்பந்தம் 8ஆவது பிரிவு முழுவதையும் இதற்கே ஒதுக்கி, நாடுகள் ஒத்துழைக்க வேண்டிய துறைகளில் மெல்ல நிகழும் பாதிப்பையும் சேர்த்தது. 2022இல் ஷார்ம் எல் ஷேக்கில் இதற்கென ஒரு நிதியம் அமைக்க முடிவாகி, 2023இல் துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே அது நடைமுறைக்கு வந்தது. ஆக, எங்கள் இழப்புக்கு உலகம் 15 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டது. நம் நாடு அந்த முடிவுகள் அனைத்திலும் பங்கெடுத்திருக்கிறது.

இங்கே உள்நாட்டில் என்ன நிலை? பேரிடர் நிவாரண நிதிக்கென 2021-26 காலத்துக்கு மத்திய அரசு ஏற்றிருந்த பட்டியலில் 12 பேரிடர்கள் இருந்தன: புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும். கான்குனில் பெயர் சொன்ன எட்டில் ஒன்றுகூட அந்தப் பெயரோடு இதில் இல்லை. கடலரிப்பைத் தடுக்கவும் அதனால் இடம்பெயர்வோரைக் குடியமர்த்தவும் 15ஆவது நிதிக்குழு தனியாகத் தொகை பரிந்துரைத்தது; அதை மறைக்க விரும்பவில்லை. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும் சரியான செயல். ஆனால் சூடேறிய கடல்நீருக்கும், செத்த பவளத்துக்கும், கரிக்கும் ஊற்றுக்கும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை. சிவப்பு மையில் எழுதிய அந்த வரி இங்கிருந்துதான் வந்தது.

இது ஏதோ ஓர் ஊரின் நிவாரணத் தொகை பற்றிய முறையீடு என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஜூலை 23ஆம் நாள் சர்வதேச நீதிமன்றம் காலநிலை குறித்துத் தன் கருத்துரையை வழங்கியது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் 2019இல் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு அரசு கையில் எடுத்து, ஐ.நா. பொதுச்சபை வழியாக ஹேக் நகரிலுள்ள அந்த நீதிமன்றம் வரை கொண்டுபோனதன் பயன் அது. ஓர் ஆசிரியையாக அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், கடமை தவறி உண்டாக்கிய சேதத்துக்கு ஈடு செய்யும் பொறுப்பு எழலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. ஆனால் தவறுக்கும் சேதத்துக்கும் இடையே போதுமான அளவு நேரடியான, உறுதியான காரணத் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்றும் கூறியது. அந்தத் தொடர்பை எதைக் கொண்டு காட்டுவீர்கள்? எந்தக் கரையில், எந்த ஆண்டில், எத்தனை குடும்பங்கள், எதை இழந்தன என்ற பதிவு இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் காட்ட முடியாது. அப்படிப் பதிவு செய்ய வந்த பெண்களைத்தான் நம் அலுவலகம் ஒன்று தேதியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறது.

உலகப் பணம் போதாது என்பதை நீங்கள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். 2009இல் கோபன்ஹேகனில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று கொடுத்த வாக்கைப் பணக்கார நாடுகள் 2020இல் நிறைவேற்றவில்லை. இரண்டு ஆண்டுகள் தாமதமாகத்தான் எட்டினோம் என்று அவர்களே சொன்னார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் வளரும் நாடுகள் 1.3 லட்சம் கோடி டாலர் கேட்ட இடத்தில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்தார்கள். அந்த முடிவை நம் பிரதிநிதி அரங்கிலேயே எழுந்து மறுத்தார். அன்று இரவு செய்தியைக் கேட்டுவிட்டு எங்கள் ஊர் வாசகசாலையில் பலர் பெருமையோடு பேசிக்கொண்டார்கள். இழப்பு நிதியத்துக்குத் துபாயில் அறிவிக்கப்பட்ட தொகைகள் எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ 70 கோடி டாலர்தான். அதன் நிர்வாகக் குழுவிலிருந்து அமெரிக்கா 2025 மார்ச்சில் விலகியும் விட்டது. முதல் கட்டத்துக்கான 25 கோடி டாலரில் குறைந்தது பாதி சிறு தீவு நாடுகளுக்கும் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் எங்களைவிட ஆபத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு முதலில் போவதே நியாயம். ஆனால் மிச்சத்தில் பங்கு கேட்கவாவது நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும்.

பசுமைக் காலநிலை நிதியம் இந்தியக் கடற்கரைச் சமூகங்களுக்கென்று 2018இல் ஒப்புதல் கொடுத்த 4.34 கோடி டாலர் மானியத் திட்டம் ஆந்திரம், மகாராஷ்டிரம், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களில் நடக்கிறது. அந்த மக்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. எங்கள் கரைக்கு இப்போது வரும் பெரிய திட்டமோ உலக வங்கியின் கடனைச் சேர்த்தது. சூட்டை உண்டாக்கியவர்கள் கடன் கொடுக்க, சூடுபட்டவர்கள் வட்டியோடு அடைக்க வேண்டும் என்பதை எந்த அறத்தாலும் நியாயப்படுத்த முடியாது. பணம் வந்தால் பயன் இருக்கிறது என்பதற்குத் தூத்துக்குடிக்கு அருகே வான் தீவே சாட்சி. தேசியத் தகவமைப்பு நிதியின் உதவியோடு கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கி, கரைந்துகொண்டிருந்த அந்தத் தீவை நிலைநிறுத்தினார்கள்.

ஒத்துழைப்பு என்ற சொல்லை நான் ஏட்டுச் சொல்லாகப் பயன்படுத்தவில்லை. புயல் விஷயத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தக் கரையில் இருந்தே பார்த்திருக்கிறோம். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகும் புயல்களுக்கு 13 நாடுகள் சேர்ந்து பெயர் கொடுக்கின்றன, டெல்லியிலிருந்து அந்த நாடுகள் அனைத்துக்கும் எச்சரிக்கை போகிறது. 2020 டிசம்பரில் எங்கள் மாவட்டத்துக்கு அருகே வலுவிழந்து நகராமல் நின்ற புரெவிக்கு மாலத்தீவு பெயர் வைத்தது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு எங்கள் கரைப் பக்கம் வந்த டித்வாவுக்கு ஏமன் பெயர் வைத்தது. அப்போது நம் கப்பல்களும் விமானங்களும் இலங்கைக்கு உதவி கொண்டுபோயின. தலைமன்னாரில் எங்கள் உறவுக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் இங்கே பலர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர்தான். நடுவில் 1974இலும் 1976இலும் எல்லை வகுத்துக் கோடு போட்டார்கள், ஆனால் சூடான நீர் அந்தக் கோட்டில் நின்று திரும்புவதில்லை. அக்கரையில் பார் வெளுக்கும் அதே வாரத்தில் இக்கரையிலும் வெளுக்கிறது. புயலுக்காக 13 நாடுகளால் சேர முடிந்தது என்றால், ஒரே கடலின் சூட்டையும் உப்பையும் சேர்ந்து அளந்து பகிர்ந்துகொள்ள இரண்டு நாடுகளால் முடியாதா?

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

கான்குனில் பெயர் சொல்லப்பட்ட மெல்ல நிகழும் பாதிப்புகளை நம் நாட்டின் பேரிடர் நிவாரண விதிகளில் சேர்க்க, சம்பந்தப்பட்ட அமைச்சகங்களிடம் நீங்கள் எழுத்து மூலம் பரிந்துரை செய்ய வேண்டும். வெளியே நீங்கள் எடுக்கும் நிலைப்பாட்டுக்கு உள்ளே ஆதாரம் தேவை என்பதை அவர்களுக்கு உங்களைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது. தேதிக்கு மாற்றாக அளவுகோல் ஒன்றை வைக்கலாம். பவளம் வெளுக்கும் அளவுக்குக் கடல் சூடேறும்போது ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் தரவிலிருந்து எச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த எச்சரிக்கை இத்தனை வாரம் நீடித்தால் பாசி எடுப்போருக்கும் பார் மீன்பிடிப்போருக்கும் வேலையிழப்பு உதவி என்று விதி செய்வது இயலாத காரியம் அல்ல. மீன்பிடித் தடைக்காலத்துக்கு உதவித்தொகை கொடுக்கும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது.

ஒவ்வொரு கடற்கரை ஊராட்சியிலும் இழப்புப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட வேண்டும். ஊற்றின் உப்பு, கரை உள்வாங்கிய தூரம், கடலுக்குப் போகாத நாட்கள், எடுத்த பாசியின் எடை ஆகியவை அதில் மாதந்தோறும் எழுதப்பட வேண்டும். எழுதுவதற்கு எங்கள் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும், அதை மாநாட்டு மேசையில் நீங்கள் வைக்க வேண்டும்.

இழப்பு நிதியத்துக்கு இந்தியா விண்ணப்பிக்கும்போது மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் அதில் இடம்பெற வேண்டும். வருவது மானியமாக இருக்க வேண்டும், கடனாக அல்ல. ஒரு பகுதி கிராமச் சங்கங்களுக்கு நேரடியாக வர வேண்டும். விண்ணப்பத்தின் வரைவு தமிழில் வெளியிடப்பட்டு எங்கள் கருத்து கேட்கப்பட வேண்டும்.

இலங்கையோடு பேசி, இந்தக் கடலின் வெப்பம், பவளம், கடல்புல் ஆகியவற்றைக் கூட்டாக அளக்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். மீனவர் பிரச்சினை தீரட்டும் பிறகு பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். பவளம் அதற்காகக் காத்திருக்காது.

அடுத்த மாநாட்டுக்குப் புறப்படும் முன் உங்களில் ஒருவராவது எங்கள் கரைக்கு வர வேண்டும். மாவட்டத் தலைநகரின் கூட்ட அரங்குக்கு அல்ல, பாசி காயும் மணலுக்கு. அங்கே பேசுவது பெண்களாக இருக்க வேண்டும், குறிப்பெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். நம் குழுவில் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கும் இடம் வேண்டும் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

திரும்பி வந்த விண்ணப்பம் எங்கள் சங்கத்துத் தகரப் பெட்டியில் இருக்கிறது. இம்மடலோடு அதன் நகலையும் அனுப்பியிருக்கிறேன். வாடை தொடங்குவதற்குள், தமிழில், எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதிலில் முதலாவதாக, படிவத்தின் அந்தத் தேதிக் கட்டத்தில் நாங்கள் என்ன எழுத வேண்டும் என்பதைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் தீவின் தென்கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்துக்குக் கணக்கெழுதுபவர்.